இரவல் பெயரில் ஒரு குரல்

(இசை ரசிகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, இசையன்பர்களே,

நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பாடகர், தம்மைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்ற பாட்டுகள் எதையும் தாமே எழுதியவர் அல்லர். அவற்றுள் சில, பிறர் முன்பே பாடிவிட்ட பாட்டுகள். போதாக்குறைக்கு, எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க் என்று உலகம் அறிந்த அந்தப் பெயரும் இரவல்தான். இயற்பெயர் ஆர்னல்ட் ஜார்ஜ் டார்சி. 1936 மே 2 அன்று மதராஸில், படைப்பணியில் இருந்த ஒரு பிரிட்டிஷ்காரரின் பத்துப் பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தார். ஏறத்தாழப் பத்து வயதில் குடும்பத்தோடு இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குப் போய்விட்டார். மதராஸில் பிறந்ததை வைத்து அவரை நம்மவராக்கிக்கொள்ளும் ஆசை நம்மில் சிலருக்கு உண்டு. பிறப்புச் சான்றிதழுக்கு மேல் அந்த உரிமையை நீட்ட நான் துணிய மாட்டேன். அவருடைய பாட்டு உருவானது லெஸ்டரின் மதுக்கூட மேடைகளில்.

முதலில் அவர் கற்றது சாக்ஸபோன். பாட வந்தது பதினேழு வயதில். நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸைப் போல நடித்துக் காட்டியதால் ஒட்டிக்கொண்ட பெயரோடு, ஜெர்ரி டார்சி என்றே மேடையேறினார். கட்டாய இராணுவ சேவை முடிந்து, 1950களின் இறுதியில் டெக்கா நிறுவனத்துக்காகப் பாடிய இசைத்தட்டு விலைபோகவில்லை. 1961இல் காசநோய் தாக்கியது. குணமாகித் திரும்பியபோது பிரிட்டனின் காதுகள் மாறத் தொடங்கியிருந்தன; கிட்டாரோடு நான்கைந்து இளைஞர்கள் குழுவாக நின்று பாடும் காலம் வந்துகொண்டிருந்தது. தனியாக நின்று காதல் மெல்லிசை பாடும் ஒருவருக்கு அதைவிடக் கெட்ட நேரம் வாய்த்திருக்க முடியாது.

அவரை மீட்டவர் கார்டன் மில்ஸ். முன்பு லண்டனில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த மில்ஸ், 1965 வாக்கில் பாடகர் டாம் ஜோன்ஸின் மேலாளராகச் செல்வாக்குப் பெற்றிருந்தார். ஜெர்ரி டார்சி என்ற பெயர் மேடைகளில் தேய்ந்துபோய்விட்டது என்பது அவருடைய கணிப்பு. ஆகவே 1921இல் மறைந்த ஜெர்மானிய இசையமைப்பாளர், ‘ஹான்ஸலும் கிரெட்டலும்’ என்ற இசை நாடகத்தைப் படைத்த எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்கின் பெயரை அப்படியே எடுத்து நண்பருக்குச் சூட்டிவிட்டார். ஜெர்மனியில் மட்டும் இன்றுவரை ‘எங்கெல்பர்ட்’ என்று பாதிப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாக்கில் புரளாத பெயரைக் கேட்டவர் சிரிப்பார், ஆனால் மறக்க மாட்டார் என்ற வணிகக் கணக்கு அதில் இருந்தது என்றே நினைக்கிறேன். பெயர் மாறியது, மேலாளர் மாறினார். பத்தாண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடந்த குரல் மட்டும் அதேதான்.

1967 ஜனவரியில் ‘ரிலீஸ் மீ’ வெளியானது. அது புதிய பாட்டு அன்று. 1940களில் எழுதப்பட்ட அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடல்; 1954இல் ரே பிரைஸும், 1962இல் எஸ்தர் பிலிப்ஸும் பாடி வெற்றி பெற்றிருந்தார்கள். இந்தச் சமயத்தில் டிக்கி வாலன்டைன் என்ற பாடகருக்கு உடல்நலம் குன்றவே, லண்டன் பலேடியம் அரங்கிலிருந்து ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவருக்குப் பதிலாக ஹம்பர்டிங்க் பாடினார். இசைத்தட்டின் விற்பனை பொங்கியது. பிரிட்டிஷ் தரவரிசையில் ஆறு வாரம் முதலிடம். முதல் 50 இடங்களுக்குள் தொடர்ந்து 56 வாரம். பீட்டில்ஸ் குழுவின் ‘பென்னி லேன்’, ‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ இரண்டும் அடங்கிய இசைத்தட்டு இரண்டாம் இடத்தோடு நின்றது இதனால்தான்.

ராக் இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை இன்னும் ஒரு விபத்தைப்போலவே சொல்லுகிறார்கள். மேதைமையைப் பாமர ரசனை ஒருமுறை தோற்கடித்தது என்பது அவர்கள் தீர்ப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே 1967இல் ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ வெளியாகி ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது; இவ்விரு இசைத்தட்டுகளும் பிரிட்டனில் மட்டுமே தனித்தனியே 10 இலட்சத்தைத் தாண்டி விற்றன. ஒரே ஆண்டில் இரண்டு முறை நேர்வதை விபத்து என்று எப்படிச் சொல்வது? இளைஞர்களின் ஆண்டு என்று நாம் படிக்கும் 1967இல், இளைஞரல்லாதவர்களும் இசைத்தட்டுக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் எதை வாங்கினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ‘ரிலீஸ் மீ’யின் பொருள் இனிமையானதன்று. வேறொருத்தியிடம் மனத்தைக் கொடுத்துவிட்ட ஒருவன், உன்மேல் எனக்கு இனி அன்பில்லை, என்னை விட்டுவிடு என்று பழைய துணையிடம் கேட்கும் பாட்டு. கணவனின் வாயிலிருந்து கேட்டால் கரண்டி பறக்கக்கூடிய வார்த்தைகளை, இல்லத்தரசிகள் விலை கொடுத்து வாங்கி வீட்டில் ஒலிக்கவிட்டார்கள்! அதைச் சாதித்தது அந்தக் குரல். சொற்களை அவசரப்படுத்தாமல், உயிரெழுத்துகளில் சற்று நின்று, கீழ்ச்சுருதியில் ஏறத்தாழப் பேசுவதைப்போல் தொடங்குகிறார். வாத்தியங்களும் கோரஸும் பின்னால் பெருகப் பெருகக் குரலும் மேலேறுகிறது. ஆனால் எந்த இடத்திலும் கோபம் எட்டிப் பார்ப்பதில்லை. கேட்பவருக்கு அது கெஞ்சலாகவே படுகிறது. பாட்டு ஒரு கைவிடல் என்பதே மறந்துபோகிறது.

‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ இதற்கு நேர்மாறான கட்டமைப்புக் கொண்டது. லெஸ் ரீடும் பேரி மேசனும் எழுதியது. வால்ட்ஸ் என்பது ஜோடியாக ஆடும் நடனம். நடன அரங்கின் கடைசி வால்ட்ஸில் இருவர் சந்திக்கிறார்கள்; காதல் வளர்கிறது, அணைகிறது; இன்னொரு கடைசி வால்ட்ஸில் பிரிகிறார்கள். மூன்று நிமிடத்துக்குள் ஒரு முழு வாழ்க்கை. சந்திப்பையும் பிரிவையும் பாடும்போது மெட்டு ஒன்றுதான். வேறுபடுத்திக் காட்ட வேண்டிய பொறுப்பு பாடகருடையது. பாட்டை எழுதாதவரின் கலை என்று எதைச் சொல்கிறேன் என்பது இந்த இடத்தில் விளங்கும்.

பிற்கால வாழ்க்கையை விரைவாகச் சொல்லிவிடலாம். பிரிட்டனில் அலை தணிந்தபின் லாஸ் வேகஸின் விடுதி மேடைகள் அவரை வாழவைத்தன. 1976இல் வெளியான ‘ஆஃப்டர் தி லவிங்’ அமெரிக்கத் தரவரிசையின் முதல் பத்துக்குள் வந்தது. 2012இல், 76 வயதில், பிரிட்டனின் சார்பில் அஜர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த, நாடுகளுக்கிடையிலான யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் பாடி, 26 பேரில் 25ஆவதாக வந்தார். பத்திரிகைகள் கேலி செய்தன. இறுதிப் போட்டியின் முதல் பாடகராக அவரை நிறுத்திய சீட்டுக் குலுக்கலையும், நாடுகள் வாக்களிக்கும் முறையையும் கணக்கில் எடுத்தால் அந்தக் கேலி மிகை. 1964இல் மணந்த மனைவி பட்ரிஷியா, பல ஆண்டுகள் அல்சைமர் நோயோடு இருந்து, 2021 பிப்ரவரியில் கொரோனாத் தொற்றால் இறந்தார். அதே ஆண்டில் ஹம்பர்டிங்குக்கு எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச விருது அறிவிக்கப்பட்டது.

இதற்குமேல் நான் பேசுவதைவிட நீங்கள் கேட்பது நல்லது. ‘ரிலீஸ் மீ’யின் இரண்டு பதிவுகளை ஒலிக்கவிடச் சொல்லியிருக்கிறேன். முதலில் 1954இல் ரே பிரைஸ் பாடியது, அடுத்து ஹம்பர்டிங்க் பாடியது. இரண்டாவதில், கோரஸ் சேரும் இடத்தில் அவர் மூச்சை எங்கே எடுக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.