ஆறு மணிக்கு ரூமைத் திறக்கணும் தம்பி

நேயர்களே, வணக்கம். கிராமத்துப் பசங்களுக்காக ஒத்தப் பைசா வாங்காம உழைக்கிறவங்க இருக்காங்க இல்லையா, அவங்களை நாம எப்படி கௌரவிக்கிறோம்ங்கிறதைப் பத்திதான் பேசப்போறேன். ரொம்ப வருஷமா மனசுல கிடக்கிற விஷயம் இது. டிசம்பர் 5 உலகத் தன்னார்வலர் தினம், 1985ல ஐ.நா. பொதுச்சபை கொண்டுவந்தது. அன்னிக்கு ஒரு மேடை, ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ, அப்புறம் அடுத்த டிசம்பர்தான். தப்புன்னு சொல்லல, ஆனா பத்தாது.

அப்படி ஒரு விழாவுல நான் உட்கார்ந்திருந்தேன். எந்த விழான்னு வேணாம். விருது வாங்கினவங்களுக்கு ஆளுக்கு அரை நிமிஷம்கூட கிடைக்கல, பேரை மட்டும் வாசிச்சாங்க, அதுலயும் என் பக்கத்துல இருந்த அக்கா பேரைத் தப்பா வாசிச்சாங்க. அந்தக்கா ஒண்ணும் சொல்லல. அஞ்சு மணி ஆனதும் பையை எடுத்துட்டு எழுந்துட்டாங்க. என்னக்கா இன்னும் முடியலையேன்னு கேட்டேன். "ஆறு மணிக்கு ரூமைத் திறக்கணும் தம்பி, பசங்க வாசல்ல நிப்பாங்க"ன்னாங்க. எனக்கு என்ன தோணுச்சோ, நானும் கூடவே கிளம்பிட்டேன்.

பசங்க சாயங்காலம் வந்து படிக்கிற சின்ன ரூம்தாங்க. ஒரு டேபிள், ஒரு பழைய கம்ப்யூட்டர், சுவத்தோரமா கொஞ்சம் புத்தகம். அக்கா ஒரு நோட்டை எடுத்தாங்க. தினமும் யார் வந்தா, யார் வரலன்னு அதுல இருக்கு. வராதவங்க பேருக்கு நேரா காரணம். பஸ் வரல. தம்பிக்குக் காய்ச்சல். ஒரு பேருக்கு நேரா மட்டும் "வேலைக்குப் போயிட்டான்"னு எழுதி சிவப்புப் பேனாவால சுழிச்சிருந்தாங்க. இது என்னக்கான்னேன். இன்னிக்கு ராத்திரி அவன் வீட்டுக்குப் போகணும், அப்பா அம்மாகிட்ட பேசணும்னாங்க. கவனிச்சீங்களா, ஒரு பையன் படிப்பை விட்டா அது கணக்குல ஏற மாசக்கணக்காகும், இந்த நோட்டுல அன்னிக்கே ஏறிடுது!

அன்னிக்கு ஒரு பொண்ணுக்கு காலேஜ் அப்ளிகேஷனுக்குக் கடைசி நாள். போட்டோ 50 கேபிக்குள்ள இருக்கணும், கையெழுத்து தனியா ஸ்கேன் பண்ணணும், நெட்டு வர்றதும் போறதுமா இருக்கு, அக்கா தன் போன்லேர்ந்து ஹாட்ஸ்பாட் போட்டு அதை ஜன்னல்ல தூக்கி வச்சாங்க. பதினொன்றரைக்குத்தான் சப்மிட் ஆச்சு. அந்தப் பொண்ணு முகத்தை நீங்க பார்த்திருக்கணும். மார்க் இருந்தும் இந்த 50 கேபியில சீட்டை விட்ட பிள்ளைங்க எத்தனையோ பேர்.

அதனாலதான் திரும்பத் திரும்பச் சொல்றேன், அந்த நோட்டைப் பாருங்க. ஒரு நாள் கேம்ப் நடத்துறதும் நல்லதுதான், ஆனா தினமும் கதவைத் திறக்கிறது வேற. அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல 1902ல ஏ.பி. கிரஹாம்னு ஒரு பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமத்துப் பிள்ளைங்களைச் சேர்த்து ஒரு கிளப் ஆரம்பிச்சார், அங்கேர்ந்து வளர்ந்ததுதான் ஃபோர்-ஹெச்ங்கிற இளைஞர் அமைப்பு. தலை, இதயம், கை, ஆரோக்கியம், இந்த நாலுக்கும் இங்கிலீஷ்ல முதல் எழுத்து ஹெச். இவ்வளவு வருஷமா அது நிக்கிறதுக்குக் காரணம் ஊர் ஊருக்கு விடாம வர்ற தன்னார்வலர்கள்தான்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுறாங்க, ஒரு நிமிஷம்தான் இருக்காம். எப்படி கௌரவிக்கலாம்னு நிறைய எழுதிட்டு வந்தேன், வேகமா சொல்லிடறேன். மேடையில பெரியவங்க பேசுறதைக் குறைச்சு அவங்ககிட்ட படிச்ச பசங்களைப் பேச விடுங்க. பஸ்ஸுக்கும் நெட்டுக்கும் அவங்க கைக்காசு போகுது, அதைக் கேட்டுக் கொடுங்க. வருஷத்துல ஒரு வாரமாவது அவங்களுக்குப் பதிலா வேற ஆள் போய் கதவைத் திறங்க, அவங்களும் ஊருக்குப் போயிட்டு வரட்டும். 2026ஐ ஐ.நா. தன்னார்வலர் ஆண்டா அறிவிச்சிருக்கு, விழாக்கள் நிறைய நடக்கும். நடத்துறவங்க யாராவது கேட்டுட்டு இருந்தீங்கன்னா, ஹால் புக் பண்ணாதீங்க, அந்த ரூம்லயே வைங்க, ஆறு மணிக்கு மேல, பசங்க எல்லாரும் வந்ததுக்கப்புறம். வணக்கம்.