பெருத்தால் மங்கலும் பெருக்கும்

கன்னியாகுமரி மாவட்ட நேயர்களுக்கு வணக்கம். இன்று நிழலையும் சூரியக் கடிகாரத்தையும் பற்றிப் பேசுவோம். நாளைக் காலை ஒன்பது மணி வாக்கில் முற்றத்துத் தென்னையின் நிழலைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். தூர் பக்கத்தில் நிழலின் ஓரம் கத்தியால் கீறியதுபோல் இருக்கும். கொண்டைப் பக்கம் போகப் போகக் கலங்கிவிடும். சூரியன் ஒரு புள்ளி இல்லையே, அரை டிகிரி அகலமுள்ள வட்டு. என் கைக்கணக்கு இது: நிழல் போடும் விளிம்பு பத்தடி தள்ளியிருந்தால் ஓர் அங்குல மங்கல்.

ஜெய்ப்பூரில் சவாய் ஜெய்சிங் மன்னர் கட்டிய சூரியக் கடிகாரம் சுமார் 27 மீட்டர் உயரம். நிழல் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்வது கண்ணுக்கே தெரியும். அப்படியானால் நொடி சுத்தமாக நேரம் காட்டும் என்றுதானே நினைப்போம்? அங்கேதான் சிக்கல். வட்டு தன் அகலத்தைக் கடக்க இரண்டு நிமிடம் ஆகிறது. அந்த இரண்டு நிமிடமும் நிழலோரத்தில் மங்கலாகக் கிடக்கும். கடிகாரம் பெருத்தால் மங்கலும் பெருக்கும். மறுபடியும் சொல்கிறேன், பெருத்தால் மங்கலும் பெருக்கும். அதனால் மங்கலுக்குள் மெல்லிய குச்சியைப் பிடித்து, அதன் நிழல் கரைகிற இடத்தைக் குறிப்பார்கள். சில நொடிக்குள் நேரம் கிடைத்துவிடும். துல்லியம் கல்லில் பாதி, குச்சியில் பாதி.

நானும் வீட்டில் ஒரு சூரியக் கடிகாரம் வைத்தேன். நிழல் போடும் கம்பியை வடக்கே எட்டு டிகிரிதான் தூக்க வேண்டும், நம் அட்சரேகை அவ்வளவுதான். ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். ஜெய்ப்பூர் உயரத்துக்கு இங்கே கட்டினால் நீளம் 190 மீட்டர் வரும், யார் இடம் தருவார்? சாயா குடிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது இருபது நிமிஷம் பின்னால கிடக்கே" என்றார். பின்னால் கிடப்பது கம்பி இல்லை! நம் கைக்கடிகாரம் இந்திய நேரத்துக்கு அளவுகோலான, நமக்குக் கிழக்கே இருக்கிற உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர் பக்கத்துச் சூரியனுக்கு ஓடுகிறது. நமக்கு உச்சை சராசரியாக 12.20-க்குத்தான். அவர் நவம்பர் தொடக்கத்தில் வந்திருந்தால் மூன்று நான்கு நிமிடம்தான் வித்தியாசம், பிப்ரவரி நடுவில் என்றால் 34. பூமியின் ஓட்டம் ஒரே சீராக இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது, அதனால் வருவது. அவர் இன்னும் நம்பவில்லை.

நேரம் முடிந்தது என்று நிலையக் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். சரி, கன்னியாகுமரி காந்தி மண்டபத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. அக்டோபர் 2 உச்சி வேளையில் கூரைத் துளை வழியே காந்தியின் அஸ்தி வைத்த இடத்தில் வெயில் விழுமே, சூரியனின் அதே உயரம் மார்ச் 11 வாக்கிலும் வரும். அன்று 12.30-க்குப் போய்ப் பாருங்கள். வணக்கம்.