மீட்டிங்கில முதல்ல வாய் திறக்கிறது ஆர்?

எல்லாருக்கும் வணக்கம். பின்னால கதவடியில நிக்கிற தம்பிமார் உள்ள வாங்கோ, கதிரை இருக்கு. சின்னக் குழுவாச் சேர்ந்து பிரச்சினை தீர்க்கிறது எண்டு தலைப்புத் தந்திருக்கினம், நான் அதில ஒண்டே ஒண்டைத்தான் கதைக்கப் போறன், யோசனை சொல்லுற நேரத்தையும் அதை உரசிப் பாக்கிற நேரத்தையும் போட்டுக் குழப்பாதேங்கோ.

கொழும்பு வெள்ளவத்தையில ஒரு பிளாட் எண்டு வைப்பம். தண்ணி பில், கரண்ட் பில் ரெண்டும் எகிறிப்போச்சு, கொமிட்டி கூடுது. தலைவர் வந்து இருக்க முதலே "மோட்டர் பழசு, மாத்தத்தான் வேணும், வேற ஆராவது ஏதும் சொல்லப்போறீங்களோ?" எண்டுறார். ஆர் சொல்லுவினம்? வயசுக்கு மூத்தவர், ரிட்டயர்ட் எஞ்சினியர் வேற. எல்லாரும் பிஸ்கட்டைப் பிளேன்டீயில தோய்ச்சுக்கொண்டு தலையாட்டுறதுதான். மேல் மாடி அன்ரிக்கு மட்டும் தெரியும், நடுச்சாமத்தில மொட்டை மாடி டேங்க் நிரம்பி வழியிற சத்தம். அவவை ஒருத்தரும் கேக்கேல்ல, அவவும் சொல்லேல்ல.

இப்பிடித்தான் நடக்கும் எண்டு ஸ்டாசர், டைட்டஸ் எண்ட ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்மார் 1985ல காட்டினவை. எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிஞ்சதைத்தான் குழு திருப்பித் திருப்பிக் கதைக்கும், ஒராளுக்கு மட்டும் தெரிஞ்சது மேசைக்கு வாறது குறைவு.

அப்ப பிரெய்ன்ஸ்டோமிங், அதுதான் எல்லாருமாக் கூடியிருந்து மனசில வாற யோசனையெல்லாம் கொட்டுறது, அதைச் செய்வம் எண்டுவீங்கள். அதைப் பரப்பின அலெக்ஸ் ஒஸ்போர்ன் ஒரு விளம்பரக்காரர், அதாலயோ என்னவோ சாமான் நல்லா வித்துப்போச்சு. ஆனா 1958ல யேல் பல்கலைக்கழகத்தில நாலு நாலு பேராச் சேர்த்து இருத்தியும், அதேயளவு ஆக்களைத் தனித்தனியா இருத்தியும் பாத்தவை, தனிய இருந்த நாலு பேரின்ட யோசனைகளைக் கூட்டினதுதான் கூட. 1987ல ஜெர்மனியில டீல், ஸ்ட்ரோபே எண்டவை முக்கிய காரணத்தையும் பிடிச்சினம், ஒராள் கதைக்கேக்க மற்றாக்கள் காத்திருக்கோணும், அதுக்குள்ள நினைச்சது பறந்துபோகும். எங்கட ஆக்களுக்குச் சொல்லவும் வேணுமோ, மைக்கைப் பிடிச்சா விடமாட்டம், நான் உட்பட.

அதால முதல்ல வாயை மூடிக்கொண்டு எழுதுங்கோ, பேர் போடாமல். எல்லாத்தையும் வாசிச்ச பிறகு கதையுங்கோ, அப்ப தயவுதாட்சணியம் வேண்டாம், "மோட்டர் பழசெண்டா கரண்ட் பில் கூடலாம், தண்ணி பில் ஏன் ஐயா கூடோணும்?" எண்டு நேராக் கேளுங்கோ. அந்த ஒரு கேள்வியோட மோட்டர் கதை சரிஞ்சுபோகும். அன்ரி எழுதின துண்டு மேல வரும், ராவைக்கு ஒராள் மொட்டை மாடிக்கு ஏறிப் பாத்தா டேங்க் நிரம்பினதும் மோட்டரை நிப்பாட்டுற மிதவை சுவிட்ச் பழுதோ இல்லையோ எண்டு தெரிஞ்சிடும், ஒரு சதம் செலவில்லை.

தலைவர்மார் கோவிக்காதேங்கோ, நீங்கள் கடைசியாக் கதையுங்கோ. 1961ல கியூபா அரசைக் கவிழ்க்க ஆள் இறக்கின விசயத்தில அமெரிக்க ஜனாதிபதி கென்னடியைச் சுத்தியிருந்த பெரிய படிப்பாளியளே சந்தேகத்தை வாய்க்குள்ள வைச்சிருந்து நாறிப்போச்சினம். அடுத்த வருசம் கியூபாவில சோவியத் ஏவுகணைப் பிரச்சினை வரேக்க கென்னடி சில கூட்டங்களுக்குப் போகாமலே விட்டார், தான் இருந்தா மற்றவை மனம் விட்டுக் கதைக்கமாட்டினம் எண்டு.

சரி, இப்ப பேப்பர் வருது. பள்ளிக்கூடம் விடுற நேரம் காலி வீதியில வாற நெரிசலுக்கு என்ன செய்யலாம் எண்டு எழுதுங்கோ. அஞ்சு நிமிசம், பக்கத்தாளின்டதை எட்டிப் பாக்கிறதில்லை.