கிர்மிட் முடிந்த பிறகு அவர் எங்கே போனார்?

(தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் தமிழர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்த கதையை நம் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். 1911 வரை இந்தியாவிலிருந்து அப்படி கிர்மிட்டில், அதாவது ஒப்பந்தக் கூலிகளாக, வந்தவர்கள் 1,52,184 பேர். என் பூட்டனும் அதில் ஒருவர். வட ஆற்காடு ஜில்லாக்காரர், 1882இல் வந்தார். இன்று நான் பேச வந்தது கப்பலைப் பற்றி அல்ல. கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகு அவர் எங்கே போனார், எந்த மண்ணைக் கொத்தினார் என்பதைப் பற்றி.

கிர்மிட்டில் கட்டுண்டு கிடந்த ஐந்து வருஷத்துக்குக் காகிதம் தாராளமாகக் கிடைக்கும். கப்பல் பட்டியலில் கலோனியல் நம்பர் (வந்த ஒவ்வொருவருக்கும் சர்க்கார் கொடுத்த எண்), தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உயரம், அங்க அடையாளம் எல்லாம் உண்டு. என் பூட்டனுக்கு இடது முழங்காலில் தழும்பு. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத அந்தத் தழும்பை ஒரு கிளார்க் எழுதிவைத்திருக்கிறான்! முதல் வருஷம் மாதச் சம்பளம் பத்து ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிப்பார்கள். ‘டபுள் கட்’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான்.

விடுதலையான ஆள் சொந்தமாகப் பயிரிடத் தொடங்கியதும் சர்க்காருக்கு அவர்மேல் அக்கறை போய்விடுகிறது. வரி கட்டினால், குத்தகைக்குக் கையெழுத்துப் போட்டால், கோர்ட்டுக்குப் போனால், செத்துப்போனால்தான் அவர் மறுபடியும் காகிதத்தில் தலைகாட்டுவார். தேட வேண்டிய இடங்கள் அவைதாம்.

பல குடும்பங்களில் ஒரு கதை உண்டு: ‘ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டுக்குப் பதிலாக வெள்ளைக்காரன் பூமி கொடுத்தான்.’ 1870ஆம் வருஷச் சட்டத்தில் அப்படி ஒரு வழி இருந்தது உண்மை. ஆனால் அதில் நிலம் பெற்றவர்கள் சொற்பம், 1891இல் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். 1882இல் வந்த என் பூட்டனுக்குத் திரும்பிப்போகும் உரிமை கிடைக்கவே பத்து வருஷம் ஆகும், அதாவது 1892. கணக்குப் பார்த்தால் கதை நிற்காது. பெரும்பாலோர் செய்தது குத்தகை. உம்கேனி ஆற்றோரத்தில் ஏக்கர் இரண்டு ஏக்கர் பிடித்து மேலி என்னும் மக்காச்சோளம், மிளகாய், கத்தரி, பீன்ஸ், கீரை போட்டு, விடியும் முன்னே டர்பன் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். கையில் காசு சேர்ந்தவர்கள் பிற்பாடு நிலம் வாங்கினார்கள்.

ஆகவே பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் கப்பல் பட்டியலோடு திரும்பிவிடாதீர்கள். இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளைக் கேளுங்கள். மனைவி, மக்கள் பெயரோடு சாமான் பட்டியலும் இருக்கும். என் பூட்டனின் கோப்பில் ஒரு வண்டி, இரண்டு மாடு, மண்வெட்டிகள், அறுக்காமல் வயலில் நின்ற மேலி. குத்தகை பாக்கி ஐந்து பவுண்டு. அந்தப் பாக்கியைப் படித்தபோதுதான் மனுஷனை நேரில் பார்த்ததுபோல் இருந்தது எனக்கு. நிலச் சொந்தக்காரன் பெயரும் அந்த வரியிலேயே இருந்ததால், பத்திரப் பதிவைப் பிடித்துத் தோட்டம் இருந்த இடத்தையே கண்டுகொண்டேன்.

பெயரை வைத்துத் தேடினால் அலைச்சல்தான். முனுசாமியை நாலு கிளார்க் நாலு விதமாக எழுதுவான். கலோனியல் நம்பர் மாறாது. கிர்மிட் முடிந்ததும் கொடுத்த விடுதலைப் பாஸில், கல்யாணப் பதிவில் எல்லாம் அந்த நம்பர் கூடவே வரும்.

உங்கள் ஆள் 1895 சட்டத்துக்குப் பின் கிர்மிட்டில் கையெழுத்திட்டவர் என்றால் வருஷம் மூன்று பவுண்டு வரி அவர் தலையில் விழுந்திருக்கும். மூன்று பவுண்டு என்றால் அறுபது ஷில்லிங், புதிதாக வந்தவரின் ஆறு மாதக் கூலி. 1914இல்தான் அந்த வரி ஒழிந்தது. கட்டாதவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். ஆகவே மாஜிஸ்திரேட் பதிவுகளையும் புரட்டுங்கள். பாட்டன் ஜெயிலுக்குப் போனார் என்று வெட்கப்பட வேண்டாம், எனக்கென்னவோ பெருமையாகத்தான் படுகிறது.

பாட்டிகளை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கும் தனி நம்பர் உண்டு. பாதிக் கூலியும் பாதி ரேஷனும் வாங்கியவர்கள் அவர்கள். தோட்டத்தில் களை பிடுங்கியதும், கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகக் காய்கறி விற்றதும் அவர்கள்தாம். என் பூட்டியைப் பூட்டனின் நம்பரை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை, அவள் வேறு கப்பலில் வந்தவள். கல்யாணப் பதிவில்தான் இரண்டு நம்பரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வீட்டில் பழைய பாஸ், குத்தகைச் சீட்டு ஏதாவது கிடந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், நம்பரை உட்கார்ந்து படிப்போம்.