அந்தக் கதவு திறந்ததா?

நேயர்களுக்கு வணக்கம். பழைய தேவதைக் கதைகளை இளம் வயதினருக்கான இருண்ட காதல் நாவல்களாகத் திருப்பி எழுதும் போக்கைக் குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். குழந்தைகளின் கதைகளைக் கெடுத்துவிட்டார்கள் என்ற குறை இந்நாவல்களின் மீது ஓயாமல் சொல்லப்படுகிறது. கெடுப்பதற்கு அவை அவ்வளவு வெள்ளையாகவா இருந்தன? 1697-இல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ வெளியிட்ட கதையில் ஓநாய் சிவப்புத் தொப்பிச் சிறுமியை விழுங்குவதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. காப்பாற்ற எந்த வேடனும் வருவதில்லை. ஜெர்மானியக் கதைத் தொகுப்பாளர்களான கிரிம் சகோதரர்களின் 1812-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். 1819-இல்தான் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். ஆகவே இருள் முன்னமே இருந்தது. வெளுத்தது பின்னால் நடந்த வேலை.

என் மனத்தைப் பல ஆண்டுகளாகப் பிடித்திருப்பது அழகியும் மிருகமும் கதை. 1740-இல் பிரெஞ்சு எழுத்தாளரான வில்நெவ் சீமாட்டி அதை நீண்ட கதையாக எழுதினார். தந்தை பறித்த ஒரு ரோஜாவுக்கு ஈடாக மாளிகைக்கு வந்த பெண்ணிடம் மிருகம் இரவுதோறும், உன்னோடு படுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறது. அவள் மறுத்தால் இரவு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. 1756-இல் அதைச் சுருக்கி எழுதிய போமோன் சீமாட்டி சிறுமிகளுக்குப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியை. அவர் அக்கேள்வியை, என்னை மணந்துகொள்வாயா என்று மாற்றினார். சொற்கள் மாறினாலும் இரவுதோறும் கேட்பதும், மறுத்தால் விலகிப்போவதும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதை ஒரு வாசிப்பு வட்டத்தில் நான் பெருமையோடு விளக்கிக்கொண்டிருந்தபோது, பதினாறு வயது மாணவி ஒருத்தி எழுந்து, "நூறாவது நாளும் அவள் மறுத்திருந்தால் அந்த மாளிகைக் கதவு திறந்திருக்குமா, ஐயா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் போமோனின் பிரதியை மீண்டும் படித்தேன். கதவு திறக்கத்தான் செய்கிறது. தந்தையைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்க, அதுவரை மறுத்துக்கொண்டே இருந்தவளுக்கு மிருகம் ஒரு வாரம் விடை கொடுக்கிறது. வெளியே போய், தவணை கடந்தும் தங்கி, தானே திரும்பி வந்த பிறகுதான் அவள் சம்மதிக்கிறாள். பூட்டிய வீட்டுக்குள் அந்தச் சம்மதம் பிறக்கவில்லை.

மறு வாரம் இதை வெற்றிக்களிப்போடு சொன்னேன். அவள் விடவில்லை. "நீ திரும்பி வராவிட்டால் துயரத்தால் இறந்துவிடுவேன் என்று அது சொல்கிறதே, அதுவும் ஒரு கயிறுதானே?" என்றாள். கயிறுதான். இன்றைய நல்ல எழுத்தாளர்கள் கையில் எடுப்பதும் இந்தக் கயிற்றைத்தான் என்பது என் துணிபு. இக்கதையைத் தழுவி அமெரிக்க எழுத்தாளர் சாரா ஜே. மாஸ் 2015-இல் தொடங்கிய நாவல் வரிசையில், 2016-இல் வந்த இரண்டாம் பாகத்தில், பாதுகாப்பு என்ற பெயரில் காதலனே கதைநாயகியை மாளிகைக்குள் அடைக்கிறான். அவள் அவனை விட்டு நீங்குகிறாள். அதே வேளையில், கடத்திக்கொண்டு போனவனின் முரட்டுத்தனத்தையே காதலின் ஆழமாகக் காட்டிப் பக்கங்களை நிரப்பும் நாவல்களும் ஏராளம். அவற்றின் குறை இருளில் இல்லை. கேள்வியே கேட்கப்படாததில் இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருந்த மிருகத்தை அவை ஊமையாக்கிவிடுகின்றன.

தூங்கும் அழகியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். கடிகாரம் இடம் தரவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியரான பசீலே எழுதிய வடிவத்தில் அவளை எழுப்புவது முத்தம் அன்று. உறக்கத்திலேயே ஓர் அரசனால் கருவுற்று, இரண்டு குழந்தைகளைப் பெற்று, அவற்றில் ஒன்று அவள் விரலைச் சப்பி, அதில் குத்தியிருந்த ஆளிநார்ச் சிம்பை வெளியே இழுத்த பிறகே விழிக்கிறாள். அவளிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை. அக்கதையைத் திருப்பி எழுத முனைபவர் அந்த விழிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். தவளை இளவரசனுக்கு ஒரு நிமிடம்கூட மிஞ்சவில்லை. கிரிம் சகோதரர்களின் கதையில் இளவரசி அந்தத் தவளைக்கு முத்தம் கொடுக்கவில்லை, சுவரில் வீசி அடித்தாள் என்பதை மட்டும் சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.