தாளில் ஓடும் நிரல்: பிளஸ் டூ கணிதத்துக்கும் கணினி அறிவியலுக்கும் தயாராகும் முறை

(திரையில்: உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வரும் காலைப் பேருந்து. சன்னலோர இருக்கையில் மடியில் நோட்டுடன் ஒரு மாணவி.)

வணக்கம். உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி போன்ற ஊர்களில் பிளஸ் டூ படிக்கும் மாணவர்கள் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை சார், கணினி அறிவியலில் எப்படி மார்க் வாங்குவது?" மாநிலப் பாடத்திட்டத்தில் அந்தப் பாடத்தின் 100 மதிப்பெண்களில் 70 எழுத்துத் தேர்வுக்கும், 20 செய்முறைக்கும், 10 அகமதிப்பீட்டுக்கும் உரியவை. செய்முறைக்குப் பள்ளியின் ஆய்வகம் போதும். எழுபதைத் தீர்மானிப்பவை பேனாவும் தாளுமே. கணிதத்திலோ 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு உரியது. ஆகவே இவ்விரு பாடங்களையும் வாசித்து முடிப்பதைக் காட்டிலும், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதிப் பார்ப்பதே உண்மையான தயாரிப்பு என்பது என் உறுதியான கருத்து.

(திரையில்: 12, 18, 25, 31, 40, 47, 56, 63, 78, 90 என்ற பத்து எண்கள். அவற்றின் கீழே 0 முதல் 9 வரை சுட்டெண்கள்.)

இருமத் தேடலை எடுத்துக்கொள்வோம்: வரிசையான பட்டியலின் நடு எண்ணோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு முறையும் பாதியை ஒதுக்கிக்கொண்டே தேடும் முறை அது. ஏறுவரிசையில் உள்ள இந்தப் பட்டியலில் 56 எங்கே இருக்கிறது? நோட்டில் லோ (தேடும் பகுதியின் முதல் இடம்), ஹை (கடைசி இடம்), மிட் (நடு இடம்) என்று மூன்று கட்டங்கள் வரையுங்கள். தொடக்கத்தில் லோ 0, ஹை 9. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 4.5 வரும், அதன் முழு எண் பகுதியான 4 தான் மிட். அந்த இடத்தில் இருப்பது 40. நாம் தேடும் எண் அதைவிடப் பெரியது என்பதால் லோ 5 ஆகிறது. அடுத்த மிட் 7, அங்கே 63. தேடும் எண் சிறியது என்பதால் ஹை 6 ஆகிறது. அடுத்த மிட் 5, அங்கே 47. லோ 6 ஆகிறது. நான்காவது ஒப்பீட்டில் 56 கிடைத்துவிடுகிறது.

இப்படிக் கட்டம் போட்டு எழுதியவருக்கு, பைத்தான் நிரல்மொழியில் வகுப்பதற்கு ஒற்றைச் சாய்கோட்டுக்குப் பதிலாக, முழு எண் பகுதியை மட்டும் தரும் இரட்டைச் சாய்கோடு இங்கே ஏன் தேவை என்பதை யாரும் மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியதில்லை. ஒற்றைச் சாய்கோடு 4.5 தரும்; 4.5 என்ற இடம் பட்டியலில் கிடையாது, நிரல் பிழை காட்டி நின்றுவிடும். பட்டியலில் 1000 எண்கள் இருந்தாலும் அதிகபட்சம் 10 ஒப்பீடுகள் போதும், ஏனெனில் 2 இன் 10 ஆம் அடுக்கு 1024. 2 ஐ எத்தனை முறை பெருக்கினால் 1024 வரும் என்று சொல்லும் மடக்கை, கணித வகுப்போடு முடிந்துவிடுவதில்லை என்பதை மாணவர்கள் இந்த இடத்தில் உணர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்கு மிகப் பிடித்த தருணம் அது.

(திரையில்: இரண்டு பரவளையங்கள் மெல்ல வரையப்படுகின்றன.)

கணிதத்திலும் இதே பழக்கம்தான். ஒய் வர்க்கம் சமம் 4 எக்ஸ், எக்ஸ் வர்க்கம் சமம் 4 ஒய் ஆகிய பரவளையங்களுக்கு இடைப்பட்ட பரப்பு கேட்கப்பட்டால், தொகையிடும் குறியை எழுதுவதற்கு முன் படத்தை வரையுங்கள். ஆதிப்புள்ளியான (0, 0) இலும் (4, 4) என்ற புள்ளியிலும் இரண்டும் வெட்டிக்கொள்ள, நடுவில் மாவிலை போன்ற ஒரு வடிவம் கிடைக்கும். அதன் மேல்விளிம்பு எது, கீழ்விளிம்பு எது என்பதைக் கண்ணே சொல்லிவிடும். 2 பெருக்கல் வர்க்கமூலம் எக்ஸ் என்பதிலிருந்து எக்ஸ் வர்க்கத்தின் கால்பங்கைக் கழித்து, 0 முதல் 4 வரை தொகையிட்டால் 32/3 கழித்தல் 16/3, அதாவது 16/3 சதுர அலகுகள். படம் வரையாமல் இரண்டையும் இடம் மாற்றிக் கழித்தவருக்குப் பரப்பு குறை எண்ணாக வரும். பரப்பு ஒருபோதும் குறை எண்ணாகாது என்பதைக்கூடப் பதற்றத்தில் கவனிக்க மாட்டார்.

"வெக்டரை விட்டுவிடலாமா?" என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். கணிதத்தில் ஒரு மதிப்பெண் வினாக்கள் இருபதுக்கும் விடையளிக்க வேண்டும். இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் பத்துக்கு ஏழு எழுதினால் போதும் என்றாலும், ஒவ்வொன்றிலும் ஒரு வினா கட்டாயம். அது எந்த இயலிலிருந்து வரும் என்பது வினாத்தாளைப் பிரிக்கும்வரை தெரியாது. ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஏழுக்கும் 'அல்லது' என்ற வாய்ப்பு உண்டு. ஓர் இயலைக் கைவிட்டவருக்கு அந்த வாய்ப்பும் பாதியாகச் சுருங்கிவிடும்.

படிக்க அமைதியான இடம் இல்லாதவர்கள் சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகத்துக்கோ, 2023 ஜூலையில் நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கோ செல்லலாம்.

(திரையில்: தேர்வு அறை, சுவர்க் கடிகாரத்தில் காலை 10 மணி.)

தேர்வு நாளில் வினாத்தாளை வாசிக்க 10 நிமிடங்கள் தரப்படும். அப்போது முதலில் கட்டாய வினாக்களைப் பாருங்கள். பிறகு 'அல்லது' வினாக்கள் ஒவ்வொன்றிலும் எதன் முதல் வரி உடனே மனத்தில் எழுகிறது என்று பார்க்காமல், எதன் கடைசி வரிவரை போக முடியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.