லிட்டருக்கு ஆறு பைசா

வணக்கம் நேயர்களே.

நான் கல்லூரியில் சுற்றுச்சூழல் அரசியல் நடத்துகிறேன். முதல் நாள் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் மரக்கன்று, பிளாஸ்டிக், புவி வெப்பம் என்று மனதில் வைத்துக்கொண்டு வருவார்கள். "இதில் அரசியல் எங்கே சார் இருக்கிறது?" என்று ஒருவராவது கேட்டுவிடுவார். நான் விளக்கம் சொல்வதில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற மீட்டர் ஒன்றைக் கையில் கொடுத்து, நொய்யல் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். பேனா அளவுதான் இருக்கும் அந்த மீட்டர்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, காவிரியில் கலக்கிற ஆறு நொய்யல். திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் பாசனத்துக்காக ஓர் அணை கட்டினார்கள். அதில் ஆற்றுத் தண்ணீரோடு திருப்பூரின் சாயக்கழிவும் சேர்ந்தே தேங்கியது. கடைசியில் அந்த அணைத் தண்ணீரில் பாசனம் செய்ய வேண்டிய ஆயக்கட்டு விவசாயிகளே அணையில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது. அணை கட்டச் சொல்லிப் போராடியவர்களைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். கட்டிய அணையைக் காலியாக வையுங்கள் என்று கேட்டவர்கள் இவர்கள்.

ஆறு சிவப்பாக ஓடியது, பச்சையாக ஓடியது என்று எல்லோரும் நிறத்தைத்தான் சொல்வார்கள். நிலத்தைக் கெடுத்தது உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் சாயத்தொட்டியில் உப்பைக் கொட்டியாக வேண்டும். சாயத்தில் பெரும்பங்கு துணியோடு போய்விடும். உப்பு முழுக்கத் தண்ணீரோடு வெளியே வரும். தொண்ணூறுகளின் கடைசியில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பு போட்டு நிறத்தை இறக்கின. உப்பு அப்படியே இருந்தது. தமிழ்நாட்டில் வெளியேற்றும் கழிவுநீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம் என்று விதி இருக்கிறது. இப்போது யோசித்துப் பாருங்கள். நிறம் போனால் பார்க்கிறவர்களுக்குச் சமாதானம் ஆகிவிடும். உப்பு போகவில்லை என்பது அந்தத் தண்ணீரைப் பாய்ச்சுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். எதைச் சுத்தம் என்று கணக்கில் எடுப்பது என்பதிலேயே அரசியல் தொடங்கிவிடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1974இலேயே நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில், 1996இல், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் அமர்வின் அந்தத் தீர்ப்பை எங்கள் பாடத்தில் வரி வரியாகப் படிப்போம். சரி, ஈடு என்றால் எவ்வளவு? யாருக்கு? கணக்கெடுப்பு சர்வே எண்ணிலிருந்து தொடங்கினால், குத்தகைக்கு உழுதவர் எந்த வரிசையில் போய் நிற்பார்? ஆடு மேய்த்தவர்?

நொய்யல் சாயக்கழிவு வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு விலை வைத்தது. வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசா. சில மாதம் கழித்து 8 பைசா. அப்புறம் 10 பைசா. கழிவை நிறுத்த ஜூலை 2007 வரைதான் அவகாசம். நாள் ஆக ஆக வலிக்கட்டும் என்பது நோக்கம். ஆனால் லிட்டர் கணக்கில் அபராதம் என்றால் லிட்டரை யாராவது அளக்க வேண்டுமே. அதைவிட எனக்குப் பெரிய உறுத்தல் ஒன்று உண்டு. விலை என்று ஒன்று வந்துவிட்டால், கட்டிவிட்டுத் தொடர்வதும் ஒரு வழியாகிவிடுகிறது. 2009இல் உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றத்தின் பக்கமே நின்றது. அதன் பிறகும் கழிவு வந்துகொண்டிருந்தது. 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

இந்த இடத்தில் பிள்ளைகள் கைதட்டப் பார்ப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்பேன். சாயம் போடாமல் பனியன் இல்லை. பனியன் இல்லாவிட்டால் வாரச் சம்பளம் இல்லை. அந்தச் சம்பளத்தை நம்பி வந்தவர்களில் பலர், கீழே கிணறு கெட்டுப்போனதால் தோட்டத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். கொங்குப் பகுதியில் தோட்டக்காரர்களே கம்பெனி வைத்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அப்பா விவசாயிகள் சங்கத்தில், மகன் பட்டறைக் கணக்கில் என்று ஒரே வீட்டுக்குள் வழக்கு ஓடும். இதில் யாரை வில்லன் என்று எழுதுவது?

மூடல் உத்தரவுக்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே போகக் கூடாது என்ற ஏற்பாடு வேகம் பிடித்தது. சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. மாசுபடுத்தியவர் ஈடு செய்வது என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று தேர்வில் ஒரு கேள்வி கேட்பேன். இன்னும் எனக்கே திருப்தியான பதில் வரவில்லை. தண்ணீரைத் திரும்ப எடுத்துவிடுகிறார்கள், அது பெரிய சாதனைதான், மறுக்க மாட்டேன். ஆனால் கடைசியில் மிஞ்சுவதைக் கொதிக்க வைத்து வற்றடிக்க விறகும் மின்சாரமும் செலவாகின்றன. மறுபடி பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மூட்டைகளாகத் தேங்குகிறது. ஆற்றில் போனது இப்போது குடோனில் இருக்கிறது.

போன முறை போனபோது ஒரு பெரியவர் கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். கண்ணாடி போல இருந்தது. "பார்த்தா நல்லாத்தானுங்க இருக்குது, வாயில வெச்சுப் பாருங்க" என்றார். ஒரு மாணவி மீட்டரை நனைத்தாள். நான்கு இலக்க எண் வந்தது. நோட்டில் குறித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தோம்.

"ஏனுங்க, அதை ஒரு தாள்ல எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போங்க."

திண்ணையிலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்தார். அதற்குள் அதே மாதிரித் தாள்கள் ஒரு கத்தை. எங்களுக்கு முன்னால் வந்த மாணவர்கள், ஆராய்ச்சிக்காரர்கள், அதிகாரிகள் எழுதிக் கொடுத்தவை. சிலவற்றில் மை மங்கிவிட்டது.

அந்தப் பெண் எண்ணையும் தேதியையும் எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். "பெயருக்குக் கீழே என்ன போடறது சார்? மாணவின்னா?"

போடு என்றேன். அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.